பங்குனி ஆமையும் தாழையும்: எந்தக் கோணத்தில் ஒப்பிட்டால் பொருள் இருக்கும்?

அலைவாய் (கேள்வி):

வணக்கம். கடற்கரை உயிர்கள் பற்றிய காட்சிப் பலகை ஒன்றுக்காக ஒரு விலங்கையும் ஒரு பூக்கும் புதரையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். பங்குனி ஆமையையும் (ஆலிவ் ரிட்லி) தாழையையும் எடுத்திருக்கிறேன். இரண்டுக்கும் வெப்ப மண்டலக் கடற்கரை மணல் வேண்டும் என்பதுதான் காரணம்.

இதுவரை போட்ட அட்டவணை: ஆமையின் ஓடு 60 முதல் 70 செ.மீ., எடை 35 முதல் 50 கிலோ. தாழையின் உயரம் 3 முதல் 6 மீட்டர். ஆமை நண்டு, இறால், சொறிமுட்டை (ஜெல்லிமீன்) என்று கிடைப்பதையெல்லாம் தின்னும். தாழை வெயிலில் தன் உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும். ஆமை முட்டையிடும், தாழை பழம் விடும். இதைப் படிப்பவருக்கு "அது விலங்கு, இது செடி" என்பதற்கு மேல் எதுவும் கிடைக்காது என்று படுகிறது.

மூன்று சந்தேகங்கள். எந்தத் தலைப்புகளில் ஒப்பிட்டால் இரண்டைப் பற்றியும் புதிதாக ஏதாவது தெரியவரும்? ஆமைகள் லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் கரையேறுவதைச் செடிகள் கூட்டமாகப் பூப்பதோடு ஒப்பிடலாமா? பலகையின் கடைசியில் "தாழை நடுவோம், ஆமை காப்போம்" என்று போட ஆசை. அது சரியா?

மணல்மேடு:

உடம்பை உடம்போடு ஒப்பிடாதீர்கள். விலங்கும் தாவரமும் பிரிந்து 150 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஓட்டு நீளத்தையும் புதர் உயரத்தையும் ஒரே வரிசையில் எழுதுவதால் பயனில்லை. அதே மணலில் இரண்டும் எதிர்கொள்ளும் சிக்கல்களை வரிசைகளாக எடுங்கள்: உப்பு, வெப்பம், ஆண்–பெண், அடுத்த தலைமுறையைக் கடல் கடத்துவது. ஒவ்வொன்றுக்கும் ஆமை ஒரு வழி வைத்திருக்கிறது, தாழை வேறு வழி வைத்திருக்கிறது.

இவற்றில் முதலில் வைக்க வேண்டியது ஆண்–பெண் வரிசை. பங்குனி ஆமைக்குப் பாலினக் குரோமோசோம் கிடையாது. முட்டை ஆணாவதும் பெண்ணாவதும் மணலின் வெப்பத்தைப் பொறுத்தது. அதிலும் அடைகாலம் முழுவதும் இல்லை, நடு மூன்றில் ஒரு பங்குதான் கணக்கு. 50 நாளில் பொரிக்கும் கூடு என்றால் ஏறக்குறைய 17-ஆம் நாளிலிருந்து 33-ஆம் நாள் வரை. அந்த நாட்களில் கூட்டின் நடுவில் 29–30 டிகிரி செல்சியஸ் இருந்தால் இரண்டும் கலந்து வரும். அதற்கு மேல் போகப் போகப் பெண், கீழே இறங்க இறங்க ஆண். 33 டிகிரியைத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் கருவே சாகத் தொடங்கும்.

பலகைக்கு அளவெடுப்பவர்கள் அடிக்கடி செய்யும் பிழை, வெப்பமானியை மேல்மணலில் குத்திவிட்டு அதைக் கூட்டின் வெப்பம் என்று எழுதுவது. பகலில் மேல்மணல் கொதிக்கும், 40–45 செ.மீ. ஆழத்தில் இரவுக்கும் பகலுக்கும் வேறுபாடு மிகக் குறைவு. கடைசி மூன்றில் ஒரு பங்கில் கருக்கள் வளரும்போது அவையே வெப்பத்தை வெளிவிடும். அதனால் பக்கத்து வெறும் மணலைவிடக் கூடு ஓரிரு டிகிரி கூடுதலாக இருக்கும். அந்தக் கட்டத்து அளவை வைத்துப் பாலினத்தைக் கணிக்கக்கூடாது. அதற்குள் அது முடிவாகியிருக்கும்.

தாழையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. அதைத் தெரிந்தவர் விளக்கட்டும்.

கைதைவேலி:

நான் தொடர்கிறேன். தாழையின் அறிவியல் பெயரைப் பழைய நூல்களில் பாண்டனஸ் ஓடோராட்டிசிமஸ், பாண்டனஸ் ஃபாசிகுலாரிஸ் என்று பார்ப்பீர்கள். இப்போது ஏற்கப்படும் பெயர் பாண்டனஸ் ஓடோரிஃபர். பலகையில் அதையே போடுங்கள். பசிபிக் தீவுகளில் பரவலாக உள்ள பாண்டனஸ் டெக்டோரியஸ் மிக நெருங்கிய உறவு. இணையத்தில் எடுக்கும் படங்கள் பலவும் அதனுடையவை, பார்த்து எடுங்கள்.

"தாழம்பூ" என்று நாம் வாங்குவது முழுக்க ஆண் செடியின் பூங்கொத்து. மணம் வீசும் வெளிர் மஞ்சள் மடல்கள் பூவிதழ்கள் இல்லை. பூங்கொத்தை மூடியிருக்கும் இலைகள். உண்மையான ஆண் பூக்கள் அந்த மடலுக்குள் கதிர் கதிராக, வெறும் மகரந்தத் தாள்களாக இருக்கும். இதழே கிடையாது. மடலை விரித்தால் கையெல்லாம் பொடி ஒட்டும், அதுதான் மகரந்தம். பெண் செடியில் தனித்த உருண்டை வரும், அதுவே பழுத்து ஆரஞ்சு நிறக் காய்த்திரளாகும். மகரந்தம் பெரும்பாலும் காற்றில் போகிறது.

ஆமையோடு ஒப்பிடும்போது எழுத வேண்டிய வேறுபாடு: ஆமைக் கூட்டுக்குப் பாலினத்தை வெளிச் சூழல் தீர்மானிக்கிறது, பிறந்த பிறகு மாறாது. தாழையில் விதையிலிருந்து வரும் கன்று ஆணா பெண்ணா என்று பூக்கும்வரை தெரியாது, அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் போத்து (நடுவதற்கு வெட்டும் கிளை) வெட்டி நட்டால் தாய்ச்செடி எதுவோ அதுவே. ஆண் போத்தை மட்டுமே நட்ட வேலியில் எத்தனை ஆண்டு ஆனாலும் ஒரு பழம்கூட வராது. வேலிகளில் விதைக்கன்று அரிதாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பூ இல்லாத காலத்தில் ஆண் செடி, பெண் செடி இரண்டையும் இலையை வைத்துப் பிரிக்க முடியாது. இலை இரண்டிலும் ஒன்றுதான்: ஒரு மீட்டருக்கு மேல் நீளம், விளிம்பு இரண்டிலும் முள், நடுநரம்பின் அடிப்பக்கத்திலும் முள். தண்டைச் சுற்றி மூன்று சுருள் வரிசையாக ஏறும். பழைய காய்க்காம்பின் தழும்பு கிடைத்தால் பெண் என்று சொல்லலாம்.

உப்புக்காற்று:

உப்பு வரிசையை நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டையும் அருகருகே வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

கடல் ஆமையின் உடல் நீரில் உள்ள உப்பு, கடல்நீரில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. தின்பது, விழுங்குவது எல்லாம் கடலோடு சேர்ந்தே உள்ளே போகிறது. ஊர்வனவற்றின் சிறுநீரகத்தால் உடல் நீரைவிடச் செறிவான சிறுநீரை உண்டாக்க முடியாது. அதனால் கண்ணுக்குப் பின்னால் பெரிய உப்புச் சுரப்பி. அதிலிருந்து வடியும் நீர் கடல்நீரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உப்பு. முட்டையிடும்போது ஆமை "அழுகிறது" என்று எழுதுவது அந்தச் சுரப்பைத்தான். கடலுக்குள் இருக்கும்போதும் அது வடிந்துகொண்டேதான் இருக்கிறது, நீரில் கரைவதால் தெரிவதில்லை. கரையில் அது கண்ணை மணலிலிருந்தும் காக்கிறது. பலகையில் இந்த ஒரு திருத்தம் மட்டும் வந்தாலும் நல்லது.

தாழைக்குச் சுரப்பி கிடையாது. அலையாத்திச் செடிகளில் சில இலை வழியாக உப்பை வெளியேற்றும். தாழை அந்த வகை இல்லை. அதன் வழி, உப்பை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வது. இலையின் மேல் தடித்த மெழுகுப் படலம் உப்புத் தூறலைத் தடுக்கிறது. இலை நடுவில் குழிந்து ஓடைபோல இருப்பதால் மழைநீர் இலைக்கட்டுக்கு வடிந்து தண்டோடு இறங்குகிறது. மணலுக்கடியில் உவர்நீர் இருந்தாலும் மேலே மிதக்கும் நன்னீர் அடுக்கை அதன் வேர் பிடித்துக்கொள்ளும். எனவே ஒன்று உள்ளே விட்டு வெளியேற்றுகிறது, மற்றது வாசலிலேயே நிறுத்துகிறது.

கடல் கடப்பது அடுத்தது. தாழம்பழம் பல துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டின் வெளிப்பக்கமும் காற்றறை நிறைந்த நார். அதனால் மிதக்கும், மாதக்கணக்கில் கடலில் அலைந்தபின்னும் முளைக்கும். போகும் இடத்தை நீரோட்டம் முடிவு செய்கிறது. ஆமைக் குஞ்சும் தொடக்கத்தில் நீரோட்டத்தில்தான் போகிறது. ஓடு வெறும் 4 செ.மீ. இருக்கும்போது ஒரு நாள் போல விடாமல் நீந்தி, கரையோரத்தைத் தாண்டி நீரோட்டத்தைப் பிடிக்கிறது. ஆனால் பருவமடைந்த பெண், புவியின் காந்தப் புலத்தைத் துணையாகக் கொண்டு, தான் பிறந்த கரைப் பகுதிக்கே திரும்புகிறது. தாழைக்குத் திரும்புதல் என்பதே இல்லை. இந்த ஒரு வேறுபாட்டால்தான் ஒரு கடற்கரை அழிந்தால் ஆமைக்கு ஏற்படும் இழப்பு தாழைக்கு ஏற்படுவதைவிடப் பல மடங்கு பெரியது.

கூட்டமாக முட்டையிடுவது பற்றிய உங்கள் கேள்விக்கு: தாழையோடு ஒப்பிடாதீர்கள், பொருந்தாது. ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா, மெக்சிகோவின் எஸ்கோபில்லா, கோஸ்டா ரிக்காவின் ஓஸ்டியோனல் போன்ற சில இடங்களில் மட்டும் நடக்கும் பெருங்கூட்டக் கரையேற்றத்தின் பயன், தின்ன வரும் விலங்குகளால் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு முட்டையும் குஞ்சும் ஒரே நேரத்தில் கிடைப்பது. சில மூங்கில்களும் ஓக் மரங்களும் ஒரே ஆண்டில் மொத்தமாக விதை கொட்டுவது இதே தர்க்கம். தாழை அப்படிச் செய்வதில்லை. அந்தக் கோணம் வேண்டுமென்றால் செடியை மாற்றுங்கள், அல்லது அந்த வரிசையில் "ஒப்புமை இல்லை" என்றே எழுதுங்கள். அப்படி எழுதுவதும் ஒப்பீட்டின் பகுதிதான்.

அதே கூட்டத்துக்கு ஒரு விலையும் உண்டு. இடம் போதாமல் பின்னால் வரும் ஆமை முன்னால் வந்ததன் கூட்டைத் தோண்டிவிடும். உடைந்த முட்டை அழுகி, பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகி, மணலில் ஆக்சிஜன் குறைந்து பக்கத்துக் கூடும் கெடும். ஓஸ்டியோனலில் பொரிப்பு விகிதம் குறைவாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

அலைவாய்:

மிக்க நன்றி. அட்டவணையை இந்த வரிசைகளில் மாற்றி எழுதுகிறேன். "ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் பெரிதாகும்" என்பதைப் போடலாமா? கடைசிக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பொரிப்பகத்தை (ஆமை முட்டைகளைக் கொண்டுவந்து புதைத்துப் பொரிக்க வைக்கும் இடம்) சுற்றித் தாழையை வேலியாக வைத்தால் நாயும் வராது, நிழலும் கிடைக்கும் என்று ஒரு யோசனை இருக்கிறது.

மணல்மேடு:

ஆயிரத்தில் ஒன்று என்பது கைக்கணக்கு, கடலில் எண்ணிப் பார்த்த எண் இல்லை. "மிகச் சிலவே பருவமடைகின்றன" என்று எழுதுங்கள். ஒரு கூட்டில் சராசரியாக 100–110 முட்டை, ஒரு பருவத்தில் ஒரு பெண் ஒன்று முதல் மூன்று முறை இடும். இவற்றை எண்ணாகவே போடலாம்.

வேலி யோசனையை அப்படியே ஏற்க வேண்டாம். மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது வேர். செடியின் வேர் ஈரத்தைத் தேடிப் போகும். முட்டைக்குழி ஈரமான இடம். நுண்வேர் முட்டைகளுக்கு இடையே பின்னிக்கொண்டால் முட்டை வற்றிச் சுருங்கும், பொரித்த குஞ்சும் மேலே ஏற முடியாமல் வேர் வலைக்குள் சிக்கிச் சாகும். கடற்கரை மணலில் படரும் அடும்புக்கொடியிலேயே இது நடக்கிறது. தாழையின் வேர் அதைவிடத் தடிப்பு. பொரிப்பக எல்லைக்கும் கடைசித் தாழைக்கும் நடுவில் குறைந்தது 5 மீட்டர் வெறும் மணல் விடுங்கள். பருவம் தொடங்கும் முன் நான்கு மூலையிலும் 60 செ.மீ. ஆழத்துக்குத் தோண்டிப் பாருங்கள்; உயிருள்ள வேர் கண்ணில் பட்டால் இடத்தை மாற்றுங்கள். வேரை வெட்டிவிட்டு அதே குழியில் முட்டை வைப்பது தீர்வு ஆகாது, சில வாரத்தில் திரும்ப வந்துவிடும்.

இரண்டாவது நிழல். மேலே சொன்ன வெப்பக் கணக்குதான். அடர்ந்த நிலையான நிழல் மணலைக் குளிர்வித்து ஆண்களை அதிகமாக்கும், அடைகாலமும் நீளும். 45 நாளில் பொரிக்க வேண்டியது 60 நாள் வரை போகும். வெயில் கொளுத்தும் கடைசி வாரங்களில் நிழல் தேவைதான், அதற்குக் கழற்றக்கூடிய நிழல்வலை போதும். செடியை நினைத்த நேரத்தில் நகர்த்த முடியாது.

மூன்றாவது இடம். பங்குனி ஆமை உயரலைக் கோட்டுக்கு மேலுள்ள திறந்த மணலில் தோண்டும். முன்மணல் வரை புதரோ மரமோ அடைத்தால் ஏறி வந்த ஆமை தோண்டாமலேயே திரும்பிவிடும், இல்லாவிட்டால் அலை தொடும் இடத்திலேயே இட்டுவிடும். கடலோரச் சவுக்குத் தோப்புகளைக் கரைக்கு மிக அருகில் போட்ட இடங்களில் இந்தச் சிக்கல் வந்திருக்கிறது.

ஆனால் தாழைக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. மணல்மேட்டின் பின்பக்கம், நிலத்தை நோக்கிய சரிவில் அடர்ந்து நின்றால் சாலை விளக்கின் வெளிச்சத்தை மறைக்கும். குஞ்சு, தாழ்ந்து வெளிச்சமாகத் தெரியும் அடிவானத்தை நோக்கிப் போகும். உயர்ந்து கறுத்து நிற்கும் நிழலுருவை விட்டு விலகும். பின்னால் இருண்ட தாழைச் சுவர், முன்னால் கடல் என்றால் திசை தவறாது. விளக்கை அணைக்க முடியாத இடத்தில் அலைநீளம் 560 நானோமீட்டருக்கு மேல் உள்ள செம்மஞ்சள் விளக்கைத் தாழ்வாக, மூடியோடு, கடல் பக்கம் தெரியாதபடி வைக்க வேண்டும். புதர் மட்டும் போதும் என்று விளக்கை விட்டுவிடக்கூடாது.

பொரிப்பகம் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நாடுகளில் முட்டையைத் தொடவே அனுமதி வேண்டும். இந்தியாவில் பங்குனி ஆமை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர். அனுமதி இருந்தாலும், அலை அடித்துப் போகும் அல்லது நாய் தோண்டும் என்று உறுதியாகத் தெரியும் கூட்டை மட்டுமே மாற்றுங்கள். இட்டு இரண்டு மணி நேரத்துக்குள் மாற்றுவது நல்லது, ஆறு மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. அதற்குப்பின் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிவிடும். முட்டையைப் புரட்டினால் ஒட்டு பிய்ந்து செத்துவிடும், வெளியே எந்த அடையாளமும் தெரியாது. கூடை கூடையாகக் கவனமாகக் கொண்டுபோயும் பொரிக்காமல் போவது பெரும்பாலும் இதனால்தான். ஏறக்குறைய 4 செ.மீ. விட்டமுள்ள அந்த முட்டையை விரலால் அழுத்தாமல், எடுக்கும்போது மேலே இருந்த பக்கம் மேலாகவே இருக்கும்படி இறக்குங்கள். குழி 45 செ.மீ. ஆழம், கழுத்து ஒடுங்கி அடி அகன்ற கூஜா வடிவம். செங்குத்துக் குழியாக வெட்டினால் முட்டை அடுக்கு உயர்ந்து மேல் முட்டைகள் சூடாகும். குழிக்குக் குழி ஒரு மீட்டர். ஈரமணலை முதலில் போட்டு, காய்ந்த மணலை மேலே மூடுங்கள். அடுத்த பருவத்துக்கு அதே இடத்தைப் பயன்படுத்தாதீர்கள்; பழைய ஓடும் அழுகலும் கிருமியைச் சேர்த்து வைத்திருக்கும்.

பொரித்ததும் குஞ்சுகளை வாளி நீரில் விட்டு வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது, அதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். முதல் நாள் வெறிநீச்சலுக்கென்று இருக்கும் மஞ்சள்கரு ஆற்றலைக் குஞ்சு வாளியிலேயே செலவழித்துவிடும். வெளிவந்த இரவிலேயே, தினமும் வெவ்வேறு இடத்தில், மணலில் சில மீட்டர் தானே நடந்து போகும்படி விட வேண்டும். ஒரே இடத்தில் விட்டால் மீன்கள் அங்கே காத்திருக்கும்.

கைதைவேலி:

பின்சரிவில் நடுவதற்கான முறை. விதையைவிடப் போத்து விரைவு. விழுது விட்ட பக்கக்கிளையை அடியோடு வெட்டி, விழுதை 10–15 செ.மீ. விட்டு நறுக்கி, இலைகளில் மூன்றில் இரண்டு பங்கைக் கழித்து, மீதியைப் பாதியாக வெட்டுங்கள். இலை முழுதாக இருந்தால் வேர் பிடிக்கும் முன்பே போத்து வற்றிவிடும். வெட்டுவாயை இரண்டு மூன்று நாள் நிழலில் உலரவிட்டு நட்டால் அழுகல் குறையும். மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகவேண்டும், காற்றில் ஆடாதபடி முட்டுக்கொடுங்கள். ஆடினால் புதுவேர் அறுந்துகொண்டே இருக்கும். முதல் மாதம் நன்னீர் ஊற்றுவது அவசியம். வளர்ந்த தாழை உப்பைத் தாங்குகிறது என்பதால் போத்தும் தாங்கும் என்று விட்டுவிடுகிறார்கள், பெரும்பாலான போத்துகள் அங்கேதான் காய்கின்றன.

விதை என்றால் பழுத்து உதிர்ந்த துண்டை ஐந்து நாள் நீரில் ஊறவைத்து, தினம் நீரை மாற்றி, குறுகிய முனை கீழாக மணலில் பாதி புதையுங்கள். முளைக்கச் சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். ஒரு துண்டுக்குள் பல விதை இருப்பதால் இரண்டு மூன்று கன்று சேர்ந்து வரும், பிரித்து நடுங்கள்.

இரண்டு பாலும் கலந்து நடுவது முக்கியம். நான்கைந்து பெண் போத்துக்கு ஓர் ஆண் இருந்தால்கூட மகரந்தம் எட்டும், காற்று அடிக்கும் பக்கம் ஆணை வையுங்கள். பூவுக்காக ஆணை மட்டும் நடும் ஆசை புரிகிறது. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் கேவ்டா (தாழம்பூ) எண்ணெய்க்காக ஆண் மடலைத்தான் விடியற்காலையில் பறித்து வாலையில் காய்ச்சுகிறார்கள். அந்தப் பூவுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ருஷிகுல்யா முகத்துவாரமும் அதே கஞ்சம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. உங்கள் பலகைக்கு ஒரே நிலப்படம் போதும், இரண்டையும் அதில் குறிக்கலாம்.

முழக்க வரியை மட்டும் மாற்றுங்கள்: "மணல்மேட்டுக்குப் பின்னால் தாழை, முன்னால் வெறும் மணல்."